புளியரை இறக்கமும் 19 நாள் காத்திருப்பும்

புளியரை மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் என் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வலப்பக்கம் இழுத்தது. செங்கோட்டையில் கழற்றிப் பார்த்த மெக்கானிக் அண்ணாச்சி, "இடது காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து இறுகிவிட்டது தம்பி, வலது சக்கரம் மட்டுமே பிடிக்கிறது" என்றார். காலிப்பர் என்பது சக்கரத்தில் பிரேக் பட்டைகளை அழுத்திப் பிடிக்கும் பாகம்.

அந்தப் பிஸ்டனுக்கான ரப்பர் சீல் கோவையிலிருந்து வர 19 நாள் ஆனது. சாரல் காலம், திறந்து கிடக்கும் பிரேக் குழாயில் ஈரம் ஏறிவிடுமோ என்று எனக்குத் தூக்கமே இல்லை. டாட் 4 என்ற தர வகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சினால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் பிரேக் பிடிக்காது, மலை இறக்கத்தில் அது உயிருக்கே ஆபத்து. குழாய் முனைகளை மூடிபோட்டு அடைத்தோம். உள்ளே வீங்கியிருந்த பிரேக் ஹோஸ்களும் (ரப்பர் குழாய்கள்) அந்த நாள்களில்தான் கண்ணில் பட்டன, மாற்றினோம்.

சீல் வந்ததும் புது ஆயில் ஊற்றி, பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குத் (மிதித்ததும் ஆயிலை அழுத்தும் பாகம்) தொலைவான சக்கரத்திலிருந்து தொடங்கி, பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியேற்றினோம். மறுநாள் ஆரியங்காவு வரை போய்த் திரும்பினேன். கார் நேராக நின்றது.