துவக்கு வாங்க முதல் கவடு வைச்சு அளந்து பாருங்கோ

போன பெரும்போகம் எங்கட தம்பலகாமத்து வயலுக்குப் பன்டி இறங்கின அண்டு விடியவே பெரியப்பா செய்த முதல் வேலை துவக்கைத் துடைச்சது இல்ல, காவல் கொட்டிலில இருந்து பன்டி உடைச்சுக்கொண்டு வந்த வரம்பு மட்டும் கவடு வைச்சு, எண்டா எட்டு வைச்சு, எண்ணினதுதான். 38 கவடு. "இது தூரம், பரணைக் கிட்டக் கொண்டுபோகோணும்" எண்டார், அவ்வளவுதான், பெரிய துவக்கு வேணும் எண்டு ஒரு சொல் சொல்லேல்ல.

இதை ஏன் முதல்லயே சொல்லுறன் எண்டா, என்னட்டத் துவக்கைப் பற்றிக் கேக்கிற பெடியள் எல்லாம் தலைகீழாத்தான் வாறாங்கள், முதல் ஸ்கோப் (குறி பாக்கிற தூரக் கண்ணாடி) எது நல்லம், பிறகு ரைபிள் எது, கடைசியா தோட்டா, எதைச் சுடப்போறான், எவ்வளவு தூரத்துல, அதுக்குப் பின்னால என்ன இருக்கு எண்டதை நான் கேட்டாத்தான் யோசிக்கிறான். மற்றப் பக்கமா வாங்கோ. மிருகம், தூரம், பின்னுக்கு இருக்கிறது, அதுக்கு ஏத்த தோட்டா, அந்தத் தோட்டாவைப் போடுற துவக்கு, மிச்சக் காசு இருந்தா ஸ்கோப்.

சட்டத்தைக் கெதியாச் சொல்லிப்போட்டுப் போறன். இலங்கையில 1916ம் ஆண்டு 33ம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம்தான் இண்டைக்கும் அடிப்படை, லைசன்ஸ் வருசா வருசம் புதுப்பிக்கோணும். கமக்காரனுக்குப் பயிர்ப் பாதுகாப்புக்கு எண்டு கிடைக்கிறது 12 போர் சொட்கன் (போர் எண்டா குழல் அளவு, சொட்கன் எண்டா ஒரு வெடியில பல சன்னம் விடுற துவக்கு), அதுக்கு ஜீஎஸ் (கிராம சேவகர்), கமநல சேவை நிலையம், பொலிஸ், கச்சேரி (மாவட்டச் செயலகம்) எண்டு ஒரு சுத்துச் சுத்தோணும், யுத்த காலத்துல துவக்கு எண்ட சொல்லையே வாயில எடுக்கப் பயந்த சனம் நாங்கள், இப்ப அலைச்சல் பெருசாத் தெரியேல்ல. மான், மரை, மயில் எல்லாம் 1937ம் ஆண்டு வனசீவராசிகள் சட்டத்துக்குள்ள வாறது, தொட்டா மறியல், சிறைதான். திருக்கோணமலை பிரட்றிக் கோட்டைக்குள்ள புள்ளிமான் ஆக்களுக்குப் பக்கத்துல நிண்டு வாழைப்பழத் தோல் தின்னுறதைப் பாத்துட்டு வயலுக்குள்ள வாறதும் அதே மான்தானே எண்டு துவக்கை நீட்டக் கூடாது. 2025 மார்ச் 15 காலமை 8 மணிக்கு நாடு முழுக்க 5 நிமிசம் குரங்கும் மயிலும் எண்ணச் சொன்னாங்கள், நாங்களும் தென்னைக்குக் கீழ நிண்டு எண்ணினம், எண்ணினது சுடுறதுக்கு அனுமதி இல்ல. கட்டுத்துவக்கு (கயிறு தட்டினா தானா வெடிக்கிற பொறித் துவக்கு), ஹக்க பட்டாஸ் (தீனுக்குள்ள ஒளிச்சு வைக்கிற வெடி) பக்கம் தலை வைச்சும் படுக்காதேங்கோ, பன்டிக்கு வைச்ச வெடியை யானைக்குட்டி கடிச்சு வாய் சிதறிப் பட்டினி கிடந்து சாகுது, கட்டுத்துவக்குக்கு ஆடும் ஆளும் ஒண்டுதான்.

இனி 12 போர். இதுலதான் எங்கட பக்கத்து ஆக்கள் கூடப் பிழை விடுறது.

தோட்டாவுக்கு மேல எழுதியிருக்கிறதை வாசியுங்கோ. எஸ்ஜி எண்டா பெரிய சன்னம் (சன்னம் எண்டா தோட்டாக்குள்ள இருக்கிற உருண்டை), ஒண்டு கிட்டத்தட்ட 8.4 மில்லிமீற்றர் விட்டம், சாதாரண 32 கிராம் தோட்டாக்குள்ள 9 சன்னம் வரும். 4ம் நம்பர், 6ம் நம்பர் எண்டா சின்னச் சன்னம், நூத்துக்கு மேல இருக்கும், நம்பர் கூடக் கூட சன்னம் சின்னனாகும், இதைத் தலைகீழா விளங்கிக்கொண்டு 6ம் நம்பர் பெருசாக்கும் எண்டு பன்டிக்கு அடிச்ச ஆக்களை எனக்குத் தெரியும், பன்டி தோலுக்குள்ள சன்னத்தோட காட்டுக்குள்ள போய் ஒரு கிழமை அழுகிச் செத்தது. பன்டிக்கு எஸ்ஜி, அதுவும் 25 மீற்றருக்குள்ள. அதுக்கு மேல போனா 9 சன்னமும் விரிஞ்சு போயிடும், ரெண்டு பட்டா அதிசயம்.

உங்கட துவக்கு எப்பிடி விரிக்குது எண்டு நீங்களே பாக்கோணும். வெறும் உரப் பையைக் குளக்கட்டு மாதிரி உயரமான மண்ணுக்கு முன்னால கட்டி, நடுவில ஒரு சாப்பாட்டுக் கோப்பையை வைச்சு வட்டம் கீறிப்போட்டு, 15, 20, 25, 30 கவட்டுல ஒவ்வொரு வெடி. வட்டத்துக்குள்ள நாலு சன்னத்துக்குக் குறைவா விழத் தொடங்கிற தூரம் எதுவோ அதுக்கு முன்னால நிப்பாட்டுங்கோ, அதுதான் உங்கட துவக்கின்ட எல்லை, கடைக்காரன் சொன்னது இல்ல. தோட்டா எங்கட பக்கம் கச்சான் சுருள் மாதிரிக் கிடைக்கிற சாமான் இல்ல எண்டு தெரியும், ஆனாலும் இந்த நாலைச் சிலவழிக்கிறது வீண் இல்ல. குழல் வாயில சோக் எண்ட ஒடுக்கம் இருந்தா விரியிறது குறையும், ஃபுல் சோக் எண்டா 40 யார் (கெஜம்) தூரத்துல 30 அங்குல வட்டத்துக்குள்ள நூத்துக்கு எழுபது சன்னம் விழும், சோக் இல்லாத குழலில நாப்பது. இந்தக் கணக்குச் சின்னச் சன்னத்துக்கு, எஸ்ஜிக்கு அப்பிடியே பொருந்தாது, சில துவக்கு ஃபுல் சோக்கில எஸ்ஜியைக் கூடச் சிதற விடும். அதுதான் உரப் பை.

பழைய துவக்கு வாங்கிற ஆக்கள் சேம்பர், எண்டா தோட்டா இருக்கிற அறை, அதின்ட நீளத்தைப் பாருங்கோ. பெரியப்பாவின்ட பழைய இங்கிலிஷ் ஒற்றைக் குழல் 65 மில்லிமீற்றர், இப்ப வாற தோட்டா கனக்க 70. போட்டா உள்ளுக்குப் போகும், மூடும், அதுதான் கள்ளம், ஏனெண்டா தோட்டா நீளம் எண்டு சொல்லுறது சுட்டு வாய் விரிஞ்ச பிறகு உள்ள நீளம். விரியிற வாய்க்கு இடம் இல்லாமல் குழலின்ட ஒடுக்கத்துக்குள்ள போய் நெரிஞ்சு அமுக்கம் ஏறும். எனக்கு 19 வயசில அவருக்குத் தெரியாமல் ஒண்டு போட்டுச் சுட்டன், தோள் மூண்டு நாள் நீலமாக் கிடந்தது, வெடிக்காமல் விட்டது துவக்கின்ட நல்ல குணம். மற்றது, குழலை வெளிச்சத்துக்குப் பிடிச்சு உள்ள பாருங்கோ, துருக் குழி, வெளியில நெளிவு, முறிச்சு மூடிப்போட்டு ஆட்டிப் பாக்க ஆட்டம் இருக்கா எண்டு. ஆட்டம் இருந்தா விலை எவ்வளவு குறைச்சாலும் வேண்டாம். திருக்கோணமலை உப்புக் காத்துக்கு எண்ணெய்த் துணி போடாமல் ஒரு மாசம் மூலையில சாத்தி வைச்ச துவக்கு என்ன கோலமா இருக்கும் எண்டு கடல்கரை ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்ல.

இரவுக் காவலுக்கு ஸ்கோப் தேவையே இல்ல. 20 கவட்டுக்கு என்னத்துக்கு ஸ்கோப்? குழல் நுனிக் குமிழில வெள்ளையா ஒரு பொட்டு, பெரியப்பா வெத்திலைச் சுண்ணாம்பைத்தான் தொட்டு வைப்பார், குழலுக்குக் கீழ இறுக்கிக் கட்டின நல்ல ரோச், போதும். ஆனா ரோச் வெளிச்சத்துல ரெண்டு கண் மினுங்கினா அது பன்டி எண்டு அர்த்தம் இல்ல, பக்கத்து வயல்காரன்ட மாடாவும் இருக்கும், உடம்பு முழுக்கத் தெரியாமல் விரல் ரிகருக்குப் போகக் கூடாது.

தண்ணி கட்டின வயலைப் பற்றி ஒருத்தரும் சொல்லித் தாறதில்ல. கல்லைச் சரிச்சு எறிஞ்சா குளத்துல தத்தித் தத்திப் போகுதே, சன்னமும் அப்பிடித்தான் போகும். தாழ்வா நிண்டு நீட்டாச் சுட்டா எஸ்ஜி தண்ணியில பட்டுக் கிளம்பி அடுத்த கொட்டிலுக்குப் போகும், ஒரு எஸ்ஜி சன்னம் அரைக் கிலோமீற்றருக்கு மேல போகக்கூடிய சாமான். பரண் எதுக்கு உயரத்துல கட்டுறம்? பன்டி பாயும் எண்டு மட்டும் இல்ல, மேல இருந்து கீழ சுட்டா சன்னம் சேத்துக்குள்ள புதையும்.

மில்லுக்குள்ள, நெல்லுக் களஞ்சியத்துக்குள்ள பெருச்சாளிக்கு எண்டா எயார் ரைபிள்தான் சரி, சொட்கன் அடிச்சா தகரம் சல்லடை. ஆனா அதையும் விளையாட்டுச் சாமான் எண்டு நினைச்சு வெளிநாட்டுப் பெட்டிக்குள்ள போட்டுக்கொண்டு வராதேங்கோ, பாதுகாப்பு அமைச்சில அனுமதி கேட்டுட்டுத் தொடுங்கோ. ரெண்டு அளவு, .177 எண்டா 4.5 மில்லிமீற்றர், .22 எண்டா 5.5. சின்னது வேகம், நேராப் போகும், பெரியது மெதுவு ஆனா அடி கனம். 15, 20 மீற்றருக்குள்ள பெருச்சாளிக்கு நான் .22 எண்டுதான் சொல்லுவன். முனை மொட்டையான, வட்டத் தலைப் பெலட் (எயார் ரைபிள் குண்டு) எடுங்கோ, கூர் முனைப் பெலட் பெட்டியில பாக்க வடிவு, குறி அவ்வளவு நிக்காது.

இப்ப வெளிநாட்டுக்காரர். எங்கட ஊர்ப் பெடியள் அவுஸ்திரேலியாவுல பண்ணைப் பக்கம் வேலைக்குப் போய் முயலும் நரியும் பன்டியும் சுடத் தொடங்கியிருக்கிறாங்கள், அங்க அது பயிர்ப் பாதுகாப்பு, முறையாச் செய்யலாம். 1996க்குப் பிறகு அங்க சட்டம் இறுக்கம், ரிம்ஃபயரும் (தோட்டாவின்ட விளிம்பில அடிச்சு வெடிக்கிறது) எயார் ரைபிளும் ஏ வகை லைசன்ஸ், சென்டர்ஃபயர் (நடுவில அடிச்சு வெடிக்கிறது) பி வகை, காரணமும் காட்டோணும். முயலுக்கு .22 எல்ஆர் எண்ட ரிம்ஃபயர் தோட்டா, 40 கிரேய்ன் (குண்டின்ட நிறை அளவு) குண்டு, 50 மீற்றர் அளவில் வைச்சுக்கொள்ளுங்கோ, 50ல சரி பாத்தது 100ல முக்கால் சாண் கீழ விழும். சின்னக் குண்டு எண்டு எளிதா நினைக்காதேங்கோ, ஒண்டரை மைல் போகும், தண்ணியில தத்துறதுல அதுதான் பெரிய ஆள். நரிக்கு .223, 55 கிரேய்ன். பன்டிக்கு .243 இருந்து .308 வரை, .308க்கு 150 கிரேய்ன் சொஃப்ட் பொயின்ட் (பட்டா விரியிற மெது முனைக் குண்டு). முழு உறை போட்ட மிலிட்டரிக் குண்டு மலிவு எண்டு வாங்கி மிருகத்துக்கு அடிக்கிறவனோட நான் கதைக்கிறதில்ல, அது ஊசி மாதிரித் துளைச்சுக்கொண்டு போய்ப் பின்னால நிக்கிறதையும் தேடும். ரைபிளைப் பெரிய பெயருக்காக வாங்காதேங்கோ, போல்ட் அக்சன் (ஒவ்வொரு வெடிக்கும் கையால கம்பியை இழுத்துத் தோட்டா ஏத்துறது), உங்கட கைக்கும் தோளுக்கும் பொருந்தினது, அந்த ஊர்க் கடையில தோட்டா எப்பவும் கிடைக்கிற அளவு. வாங்கினாப் பிறகு மூண்டு வகைத் தோட்டாப் பெட்டி வாங்கி ஒவ்வொண்டாச் சுட்டுப் பாருங்கோ, ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு ருசி, விலை கூடினதுதான் பிடிக்கும் எண்டு இல்ல.

ஸ்கோப்பில 3-9க்கு 40 எண்டு எழுதியிருந்தா 3 மடங்கில இருந்து 9 மடங்கு வரை பெருப்பிக்கும், முன் கண்ணாடி 40 மில்லிமீற்றர். 40ஐ மடங்கால பிரியுங்கோ, 8 மடங்கில 5 மில்லிமீற்றர் வெளிச்சம் கண்ணுக்கு வரும், 4 மடங்கில 10. இருட்டில கண்மணி ஆகக் கூடினது 7 மில்லிமீற்றர் அளவுதான் விரியும், வயசு போனா அதுவும் இல்ல. அதால பொழுதுபட மடங்கைக் குறைச்சு வையுங்கோ, கூட்டினா இருட்டும் நடுக்கமும்தான் பெருசாகும்.

என்ட மச்சான் ஒருத்தன் ஸ்பிரிங் எயார் ரைபிளுக்கு எண்டு 4-16 ஸ்கோப் ஒண்டை ஒரு கடைக்காரன்ட கதையைக் கேட்டு வாங்கினான், ரெண்டு கிழமையில உள்ளுக்கு இருந்த குறுக்குக் கோடு கழண்டு ஆடத் தொடங்கிட்டுது. ஸ்பிரிங் துவக்கு முதல் பின்னால உதைக்கும், பிறகு பிஸ்டன் முட்டேக்க முன்னால இழுக்கும், பெரிய ரைபிளின்ட பின் உதைக்குச் செய்த ஸ்கோப் இந்த முன் இழுவைக்குத் தாங்காது. எயார் ரைபிளுக்கு ஏத்தது எண்டு எழுதியிருக்கிறதை வாங்கோணும், 10 மீற்றரிலயும் தெளிவாத் தெரியிற மாதிரி முன் கண்ணாடி வளையத்தைத் திருப்பக்கூடியது. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூண்டு நாலு அங்குலம் இடைவெளி விடுங்கோ, .308 உதைக்கேக்க புருவத்துல அரை நிலா வெட்டு விழுந்த பெடியள் வீடியோ கோலில நெத்தியை மறைச்சுக்கொண்டு கதைக்கிறதைப் பாத்திருக்கிறன்.

சீரோ பண்ணுறது, எண்டா ஸ்கோப்பின்ட குறியும் குண்டு விழுற இடமும் ஒண்டா வர வைக்கிறது, 25 யார்ல தொடங்குங்கோ. ஸ்கோப் திருகியில கால் அங்குலக் கிளிக் எண்டா அது 100 யார் தூரத்துக்கு, 25ல அதே நகர்வுக்கு நாலு மடங்கு கிளிக் திருப்போணும், இதை மறந்துதான் அரைப் பெட்டித் தோட்டாவை முடிச்சுப்போட்டு ஸ்கோப் பழுது எண்டு கோல் எடுப்பாங்கள். ஒரு வெடிக்குத் திருப்பாதேங்கோ, மூண்டு வெடி சுட்டு அதின்ட நடுவைப் பாத்துத் திருப்புங்கோ. தோட்டா மாத்தினா திரும்பவும் முதல்ல இருந்து.

பெரியப்பா அந்தக் கிழமையே பரணைக் கழட்டி 22 கவட்டுக்குக் கொண்டுபோய் முதிரைக் கம்புல கட்டினார், வடக்கு மூலையில மட்டும் ஒரு குறுக்குத் தடி அடிச்சு வைச்சிருக்கிறார், குழல் அந்தப் பக்கம் திரும்பாது. அங்க வரம்புக்கு அங்கால பாய் விரிச்சுப் படுக்கிற ஆள் ஒண்டு இருக்கு.