பெலும் முதல் ஹாலா-பாலா வரை: பகிரப்படும் வரைபடத் தரவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் வடக்கே கெரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் யானை படம் போட்ட மஞ்சள் பலகைகளைப் பார்க்காதவர்கள் எங்கள் ஊரில் இருக்க முடியாது. அந்தச் சாலைக்கு வடக்கே 117,500 ஹெக்டேரில் விரிகிறது ராயல் பெலும் மாநிலப் பூங்கா. அதன் வட எல்லையே நாட்டின் எல்லை. மலைமுகட்டுக்கு அந்தப் பக்கம் தாய்லாந்தின் ஹாலா-பாலா வனவிலங்குச் சரணாலயமும் பாங் லாங் தேசியப் பூங்காவும் இருக்கின்றன. யானைக்கும் இருவாச்சிக்கும் அது ஒரே காடுதான். அதைக் காக்க இரு பக்கத்துத் தரவும் ஒரே திரையில் சேர வேண்டும். தோட்டத்தில் வளர்ந்து வரைபட வேலை கற்ற இளைஞர்கள் சிலரோடு உட்கார்ந்து அப்படிச் சேர்த்துப் பார்த்தபோது நாங்கள் எங்கெங்கே தவறினோம் என்பதைச் சொல்கிறேன். மற்றவர்களும் அதே இடத்தில் இடற வேண்டாம்.

இரு நாட்டுக் கோப்புகளையும் அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாக வைத்ததுதான் நான் செய்த முதல் தவறு. பெலுமின் வட ஓரத்தில் ஒரு நீண்ட பட்டை இரண்டு நிறத்திலும் தெரிந்தது. ஒரே நிலத்தை இரு நாடுகளும் தம்முடையதென்று காட்டுகின்றனவோ என்று பதறிவிட்டேன். உண்மையில் பிசகியது அளவை ஆதாரம், அதாவது பூமியின் எந்த வடிவத்தை வைத்து, எங்கிருந்து இடங்களை அளப்பது என்ற அடிப்படை. தீபகற்ப மலேசியாவின் பழைய வரைபடங்கள் கெர்த்தாவ் ஆதாரத்தில் வரையப்பட்டவை, புதியவை ஜி.டி.எம். 2000-இல். தாய்லாந்தின் பழைய வரைபடங்கள் இந்தியன் 1975 ஆதாரத்தைக் கொண்டவை. கையிலுள்ள ஜி.பி.எஸ். கருவியோ டபிள்யூ.ஜி.எஸ். 84-இல் பேசுகிறது. மாற்றாமல் வைத்தால் கெர்த்தாவ் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் விலகும். இந்தியன் 1975 புள்ளி சில நூறு மீட்டர் விலகும். கண்ணி தேடிக் காட்டுக்குள் நடக்கும் ரோந்துக் குழுவுக்கு அது வேறு ஒரு பள்ளத்தாக்கு. கிழக்கே மலேசியாவின் கிளந்தான், தாய்லாந்தின் நாராத்திவாட் பக்கம் போனால் 102 பாகைத் தீர்க்கரேகையில் யு.டி.எம். மண்டலமும், அதாவது உலகை ஆறு பாகைப் பட்டைகளாகப் பிரித்த வரைபடக் கட்டமும், 47-இலிருந்து 48-க்கு மாறிவிடுகிறது.

இதைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பிரிட்டனும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) செய்த 1909 ஒப்பந்தப்படி வந்த இந்த எல்லை, கோலோக் ஆற்றுப் பகுதி நீங்கலாகப் பெரும்பாலும் நீர்பிரி மேட்டின் வழியே செல்கிறது. முகட்டின் இந்தப் பக்கம் விழும் மழை பேராக் ஆற்றுக்கு வருகிறது, பாங் லாங் பக்கம் விழுவது பட்டாணி ஆற்றுக்குப் போகிறது. உயரத் தரவை அடியில் விரித்துப் பாருங்கள். எல்லைக்கோடு முகட்டை விட்டுச் சரிவில் இறங்கி ஓடையைக் குறுக்கே வெட்டினால், கோப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இரண்டாவது தவறு தோட்டத்துக்காரர்களான எங்களுக்கு நெருக்கமானது. மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்டு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டுவரும் மர இழப்புத் தரவை யாரும் இலவசமாக எடுக்கலாம். 30 மீட்டர்க் கட்டங்களாக, எந்த ஆண்டு எங்கே மரம் போனது என்று காட்டும். பூங்காவின் தெற்கே அதை விரித்ததும் சிவப்புத் திட்டுகள் குவிந்தன. பிள்ளைகள் "காடு அழிந்துவிட்டது" என்று தலைப்பே எழுதிவிட்டார்கள். அன்று எங்களோடு இருந்த ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்ட வேலை மேற்பார்வையாளர்) ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். ஒரு திட்டின் ஓரத்தை விரலால் தொட்டபடியே போனார். அது நேர்கோடாக ஓடி, தோட்டச் சாலையில் சரியாகத் திரும்பியது.

"தம்பி, இது காடில்லை. பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்ட இடம். அந்த நிரைகளில் நானே வேலை வாங்கியிருக்கிறேன்."

அவர் சொன்னதுதான் சரி. அந்தத் தரவில் மரம் என்றால் 5 மீட்டருக்கு மேல் வளர்ந்த எந்தத் தாவரமும்தான். இயற்கைக் காடா, நட்ட மரமா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. பால்மரமான ரப்பருக்கு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் மறுநடவு வந்துவிடும். வானிலிருந்து பார்த்தால் அதுவும் அழிவுதான். எல்லைக்கு அப்பாலும் ரப்பர் தோட்டங்கள் உண்டு என்பதால் அங்கேயும் இதே மயக்கம் வரும். தோட்ட எல்லைகளைத் தனி அடுக்காக வைத்து முதலில் கழிக்க வேண்டும். மீதமுள்ள திட்டுகளை அந்த மண்ணில் வேலை செய்த ஒருவரிடம் காட்ட வேண்டும். இந்த இரண்டாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. பொய்யான சிவப்பு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், உண்மையான சிவப்பையும் அதிகாரிகள் நம்ப மறுப்பார்கள்.

காப்பு நிலம் எல்லாவற்றுக்கும் ஒரே பச்சை அடிப்பதும் கூடாது. ராயல் பெலும் மாநிலப் பூங்கா. தெற்கேயுள்ள தெமங்கோர் வனக்காப்பு, மரம் வெட்ட உரிமம் தரப்படும் காடு. தாய்லாந்திலும் வனவிலங்குச் சரணாலயத்தின் கட்டுப்பாடு தேசியப் பூங்காவினுடையதைவிடக் கடுமையானது. உலகக் காப்பிடத் தரவுத்தளத்தில் சில இடங்கள் எல்லைக்கோடே இல்லாமல் வெறும் புள்ளியாக இருக்கும், சில ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். பரப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் ஒரே நிலம் இருமுறை சேர்ந்துவிடும்.

தாய்லாந்துக் கோப்பில் ஆண்டு 2567 என்றிருந்தால் தட்டச்சுப் பிழை என்று அழித்துவிடாதீர்கள். அது புத்த ஆண்டு. 543-ஐக் கழித்தால் 2024. வெறும் 67 என்று எழுதியிருந்தால் மென்பொருள் அதை 1967 ஆக்கிவிடவும் கூடும்.

கடைசியாக, புள்ளிகளைப் பற்றி. பொதுமக்கள் தாங்கள் கண்ட உயிரினங்களைப் பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் இடத்தை மறைத்து, 0.2 பாகைக் கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளியாகக் காட்டுகிறது. ஏறத்தாழ 22 கிலோமீட்டர் அகலமுள்ள கட்டம் அது. பெலுமில் பதிவான விலங்கு, வரைபடத்தில் தாய்லாந்தில் நிற்கலாம். அதை வைத்து "எல்லை தாண்டியது" என்று எழுதிவிடாதீர்கள். இதற்கு நேர்மாறான தவறு இன்னும் கொடியது. காட்டில் வைத்த கேமராவின் துல்லியமான இடத்தைப் பொது வரைபடத்தில் ஏற்றுவது, கண்ணி வைப்பவனுக்கு வழிகாட்டுவதாகும். தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி தீபகற்பத்தில் எஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு. பொதுமக்களுக்குப் பெரிய கட்டங்களில் காட்டுங்கள். துல்லியமான புள்ளி இரு பக்கத்து வனக்காவலர்களிடம் மட்டும் இருக்கட்டும். யார் கேட்டார்கள், எந்தத் தேதியில், எந்தக் கோப்பைக் கொடுத்தோம் என்ற ஏடு ஒன்றும் கூடவே இருக்கட்டும்.