பிரிசெட்டைத் திருகாதீர்கள்: ஆர்கேட் போர்டு வாங்குவோர் செய்யும் தவறுகள்

காசு போட்டு விளையாடும் பழைய கேம் மெஷினின் சர்க்கியூட் போர்டை, அதாவது ஆர்கேட் போர்டை, ஒரு டப்பாவுக்குள் அடக்கி, கன்ட்ரோலர் சாக்கெட் வைத்து, டிவியில் விளையாடும்படி மாற்றி விற்கிறார்கள். கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் இதை வாங்கும் பையன்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். பழுதானால் சிலர் என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பார்த்தால், இந்த வேலையில் நுழைந்த காலத்தில் நான் செய்த அதே கோளாறுகள்தான். ரசீது வாங்குங்கள், ஈரக்கையோடு தொடாதீர்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

முஸ்தபா ஆசை

நம் ஊரில் எல்லோரும் முதலில் தேடுவது முஸ்தபா கேம்தான். 1993-இல் கேப்காம் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ். அதன் ஒரிஜினல் போர்டு பாட்டரியை நம்பி வாழ்வது. சில ரகசிய எண்களை அந்தப் பாட்டரிதான் அழியாமல் வைத்திருக்கிறது. அது தீர்ந்தால் போர்டில் ஒரு ஐசிகூடக் கெடாது, ஆனாலும் கேம் ஒழுங்காக ஓடாது. கேப்காமின் சிபிஎஸ்-2 போர்டுகளுக்கும் இதே தலைவிதிதான். இப்போது மீட்க வழி இருக்கிறது. அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். "டெஸ்ட் பண்ணலைங்க" என்று விற்பவர் சொன்னால், பண்ணிப் பார்த்துவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

எம்விஎஸ்ஸில் பாட்டரி தீர்வதல்ல, கசிவது

எம்விஎஸ் என்பது கேசட்டை மாற்றி மாற்றி விளையாடும் ஆர்கேட் போர்டு. எஸ்என்கே 1990-இல் கொண்டுவந்த இந்த நியோ ஜியோ எம்விஎஸ் போர்டுகள் பலவற்றில் 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பாட்டரி இருக்கும். அது கசிந்து பக்கத்தில் இருக்கும் டிராக்குகளை, அதாவது போர்டின் செம்புக் கோடுகளை, அரித்துவிடும். வாங்குவதற்கு முன்பே பாட்டரி இருக்கும் மூலையை மட்டும் கிட்டத்தில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் விலையைக் குறையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். கசிவது காரம் (ஆல்கலி) என்பதால் முதலில் வெள்ளை வினிகர், அப்புறம் தண்ணீர், கடைசியாக ஐசோப்ரொபைல் ஆல்கஹால் என்று துடையுங்கள். பாட்டரியையே கழற்றிப் போட்டாலும் கேம் ஓடும், சேமித்த கணக்கும் கடிகாரமும்தான் போகும்.

வோல்டேஜ் குறைகிறது என்று பிரிசெட்டைத் திருகுவது

எனக்கு இன்னமும் எரிச்சல் வருவது இதில்தான்.

போர்டை ஆன் செய்தால் திரை வந்து வந்து போகிறது. எம்விஎஸ்ஸில் வாட்ச்டாக் என்றொரு காவல் சர்க்கியூட் உண்டு. பிராசசர் தடுமாறினால் அது ரீசெட் அடித்துக்கொண்டே இருக்கும், ஸ்பீக்கரில் டக் டக் என்று கேட்கும். பையன்கள், போர்டைக் கிளப்பும் சிப்பான பயாஸ் போய்விட்டது என்று புது பயாஸ் வாங்குகிறார்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் மல்டிமீட்டரை எடுக்கிறார்கள். போர்டில் 4.6 வோல்ட் காட்டுகிறது. அவ்வளவுதான், எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் சின்னத் திருகான பிரிசெட்டைத் திருகி ஏற்றிவிடுகிறார்கள். கேம் ஓடுகிறது. சந்தோஷம்.

அந்த வோல்ட் எங்கே தொலைந்தது என்று யாரும் தேடுவதில்லை. தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு மெல்லிய கேபிளை நீளமாக இழுத்தால் என்ன ஆகும் என்று நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இங்கே நடப்பதும் அதேதான். வயரும் கனெக்டரும் சேர்ந்து 0.1 ஓம் தடை கொடுத்து, 3 ஆம்பியர் ஓடினால் 0.3 வோல்ட் வழியிலேயே போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸில் சரியாக 5.0 இருந்தாலும் போர்டுக்குப் போய்ச் சேர்வது 4.7தான். இந்தப் போர்டுகளில் இருக்கும் டிடிஎல் வகை ஐசிகள் பெரும்பாலும் கேட்பது 4.75 முதல் 5.25 வரை.

ஆர்கேட் போர்டுகளுக்குப் பொதுவான ஜாம்மா கனெக்டரில் 5 வோல்ட்டுக்கு 3, 4, சி, டி என நான்கு முனைகள் இருக்கின்றன. கிரவுண்டுக்கு அதைவிட அதிகம். டப்பா செய்தவர் 5 வோல்ட்டுக்கு ஒன்று, கிரவுண்டுக்கு ஒன்று என ஒரே ஒரு வயர், அதுவும் தலைமுடி மாதிரி, கொடுத்திருப்பார். கிரவுண்ட் வயரில் விழும் வோல்ட்டும் கணக்கில் சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி ஒரு எம்விஎஸ் டப்பாவைக் கொண்டுவந்தார். பிரிசெட்டை ஏற்றி வைத்து நன்றாக விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார். ஒருநாள் கனெக்டர் அழுக்காக இருக்கிறதே என்று துடைத்திருக்கிறார், வயரையும் தடியாக மாற்றியிருக்கிறார். இரண்டும் நல்ல காரியம். ஆனால் பிரிசெட் ஏற்றிய இடத்திலேயே இருந்தது. வழியில் விழுந்துகொண்டிருந்த வோல்ட் அத்தனையும் போர்டுக்குள் போய்விட்டது. "நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சுங்ணா, தொடச்சதுக்கு அப்புறந்தான் இப்படி" என்றார். நான் அளந்தபோது ஐசியின் காலில் 5.7. கேமில் ஆட்கள் எல்லாம் கோடு கோடாகக் கிழிந்து நின்றார்கள். ஆட்களைத் திரையில் வரையும் ஐசியை எஸ்என்கே தனக்கென்று செய்தது. கோவை காந்திபுரம் கடையில் கிடைக்காது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் கிடைக்காது. இன்னொரு செத்த போர்டிலிருந்து பிடுங்கித்தான் போட வேண்டும், அந்தச் செத்த போர்டுக்கே இப்போது நல்ல விலை. மலிவான எஸ்எம்பிஎஸ் பலவற்றில் 5 வோல்ட்டை ஏற்றினால் 12 வோல்ட்டும் கூடவே ஏறும், அது ஆடியோ பக்கத்துக்குப் போகும்.

சரி, எப்படிச் செய்வது? கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் முனையில் ஒரு அளவு. போர்டில் 14 கால் உள்ள 74 வரிசை ஐசி ஒன்றில், பெரும்பாலானவற்றில் 7-ஆம் காலுக்கும் 14-ஆம் காலுக்கும் நடுவே இன்னொரு அளவு. இரண்டுக்கும் இடையில் 0.1-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயரையும் கனெக்டரையும் பாருங்கள். அதைச் சரிசெய்த பிறகும் குறைந்தால் மட்டும் பிரிசெட்டுக்குப் போங்கள், ஐசியின் காலில் 5.0 வந்ததும் கையை எடுத்துவிடுங்கள். பழைய டப்பா வாங்கினால் கேசட் செருகுவதற்கு முன்பே இதையும் ஒருமுறை அளந்துவிடுங்கள், முன்னால் வைத்திருந்தவர் எவ்வளவு திருகினாரோ யாருக்குத் தெரியும்.

ரூட்டர் அடாப்டரைச் செருகுவது

முனை பொருந்தும், வோல்ட் பொருந்தாது. டப்பாவின் அடாப்டரில் அது எதற்கானது என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

டிவியில் வராவிட்டால் போர்டைப் பழிப்பது

எம்விஎஸ் வினாடிக்கு 60 முறை அல்ல, ஏறக்குறைய 59.18 முறை படம் அனுப்புகிறது. சில புது டிவிகள் இதை ஏற்காமல் கறுத்துப்போகும். டப்பாவைப் பிரிப்பதற்கு முன் வேறொரு டிவியில் மாட்டிப் பாருங்கள். படம் வந்தும் வெள்ளையடித்தாற்போல் இருந்தால் ஜாம்மாவின் கலர் சிக்னலைக் குறைக்காமல் நேராக இழுத்திருப்பார்கள். அது ஆர்கேட் மானிட்டருக்கான பலமான சிக்னல், டிவி எதிர்பார்ப்பது 0.7 வோல்ட்.

ஸ்பீக்கர் வயரை டிவிக்குக் கொடுப்பது

வேண்டாம். ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் எடுங்கள்.

ஏஇஎஸ் கேசட் விலைக்கு எம்விஎஸ் கேசட்

இரண்டும் நியோ ஜியோதான், ஆனால் ஏஇஎஸ் வீட்டில் விளையாடுவதற்கு, எம்விஎஸ் ஆர்கேட்டுக்கு. ஒன்றில் ஒன்று பொருந்தாது.

கேசட் முனையை உப்புத்தாளால் தேய்ப்பது

முலாம் போய்விடும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும், காய்ந்த பிறகு செருகுங்கள்.