போர்ட் சால்மர்ஸில் கப்பல் நிற்கும் பகலில் அல்பட்ராஸ் பார்க்க

நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸில் சுற்றுலாக் கப்பலிலிருந்து இறங்கியதும் நேரே டையரோவா முனைக்கு ஓட வேண்டாம். அங்கே கூடு கட்டும் ராயல் அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் இறக்கை விரிப்பு சுமார் 3 மீட்டர். அவ்வளவு பெரிய உடம்பைத் தூக்கக் காற்று வேண்டும். காற்றில்லாத காலையில் அது கூட்டிலோ கடல்மேலோ சும்மா உட்கார்ந்திருக்கும். பிற்பகலில்தான் பெரும்பாலும் காற்று எழும். முனையைக் கடைசிக்கு வையுங்கள்.

நேரத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, எல்லோரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவதே உங்களுக்கு முக்கியம். முனை, துறைக்கு எதிர்க்கரையில் இருந்தாலும் சாலை டனீடன் நகரைச் சுற்றித்தான் போகிறது. கிட்டத்தட்ட 45 கி.மீ., அதில் பாதிக்கு மேல் கரையோரத்து ஒடுங்கிய வளைவுகள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பேருந்துகள் எதிரே வந்தால் இன்னும் கூடும். ஏற வேண்டிய நேரத்துக்கு 2 மணி நேரம் முன்பே முனையை விட்டுக் கிளம்புங்கள். கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். நீங்களாக எடுத்த வண்டிக்குக் காத்திருக்காது.

காலையை, முனை இருக்கும் அதே கரையிலுள்ள ஹூப்பர்ஸ், பாப்பனூயி கழிகளுக்கு (கடல்நீர் ஏறி வற்றும் சேற்றுப் பரப்புகள்) கொடுங்கள். முந்தின இரவே ஓத அட்டவணையை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்கள்) பார்த்து, உச்ச ஓதத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பு அங்கே இருங்கள். ஏறும் நீர் பறவைகளைச் சேற்றின் நடுவிலிருந்து கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு வரும். வற்றிய நேரத்தில் போனால் தூரத்துப் புள்ளிகள்தான். நெடுங்கால் உள்ளான், சிப்பிபிடிப்பான், கரண்டிவாயன், கருப்பு அன்னம் ஆகியவற்றைப் பார்க்கலாம். அந்நாட்டுக் கோடையில் (டிசம்பர் முதல் பிப்ரவரி வரை) அலாஸ்காவிலிருந்து வரும் பட்டைவால் மூக்கானும் சேரும். 8 மடங்கு பெரிதாக்கும் 8x42 பைனாகுலர் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் முனைக் காற்றில் கை ஆடும்.

முனையில் கூடுகளைப் பார்க்க வழிகாட்டியுடன் செல்லும் சுற்றுக்கு முன்பதிவு தேவை. முட்டையிடும் நவம்பரை ஒட்டிக் கூடுகளைப் பார்க்கும் மாடம் மூடியிருக்கும். பணம் கட்டாவிட்டாலும் வண்டி நிறுத்துமிடத்துக்கு அருகிலுள்ள பாறை விளிம்பிலிருந்து பறப்பதைப் பார்க்கலாம். தலைக்கு மேல் ஓயாமல் இறக்கை அடிப்பவை கடற்காகங்கள். விறைத்த இறக்கையுடன், அடிக்காமலே சரிந்து திரும்புவதுதான் அல்பட்ராஸ்: உடல் வெள்ளை, இறக்கையின் மேற்புறம் கருப்பு. கீழே கரையில் படுத்திருக்கும் கடல்நாய்களிடமிருந்து 20 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அதற்கும் கடலுக்கும் நடுவே போகாதீர்கள்.

கப்பலிலிருந்து பழம் எதையும் பையில் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். காலணிச் சேற்றையும் கழுவிவிடுங்கள்.

நீலப் பென்குயின்கள் இருட்டிய பிறகே கரையேறும். மாலையில் கிளம்பும் கப்பல்காரர்களுக்கு அது கிடைக்காது. ஆனால் கப்பல் வெளியேறும்போது முனையை ஒட்டித்தான் போகும். வலப்பக்க மேல்தளத்தில் இடம் பிடியுங்கள், காலையில் உள்ளே வரும்போது இடப்பக்கம்.