பேயும் துப்பறிவும்: பினாங்கைக் களமாக வைத்து எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தன் நாவலின் முதல் ஐம்பது பக்கத்தைப் படிக்கக் கொடுத்தார். மலேசியாவின் பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுன் கடைத்தெருவில் மாலை கட்டி விற்கும் ஒரு பூக்காரம்மா. செத்தவர்கள் அவர் கண்ணுக்கு மட்டும் தெரிவார்கள். பக்கத்து மளிகைக்கடை முதலாளி திடீரென்று இறந்துபோகிறார். நல்ல ஆரம்பம். ஆனால் இருபத்தெட்டாம் பக்கத்தில் முதலாளியின் ஆவி வந்து, "என்னைக் கொன்றது என் மச்சான்தான்" என்று சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகு பூக்காரம்மா அதை ஊரை நம்பவைக்கப் பாடுபடுகிறார். நானோ இருபத்தொன்பதாம் பக்கத்திலேயே கதையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்த வகைக் கதைகளில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். ஆவிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். அமானுஷ்யம் எதுவும் கூடாது என்பது அதில் இரண்டாவது விதி. துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் கிடைக்க வேண்டும், இருவரும் சேர்ந்து யோசிக்க வேண்டும். ஆவி வந்து விடையைச் சொன்னால் அந்த ஆட்டமே கலைந்துவிடும். நாம் அந்த விதியை மீறத்தான் போகிறோம், சரி. ஆனால் அது காப்பாற்ற நினைத்த ஆட்டத்தை நாமும் காப்பாற்றியாக வேண்டும்.

அதற்கு ஆவியை ஒரு சாட்சியாக நினைத்துக்கொள்ளுங்கள். சாட்சிக்குத் தான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது மட்டுமே தெரியும். பின்மண்டையில் அடிபட்டுச் செத்தவர் அடித்தவன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார். விஷத்தில் போனவருக்கு யார் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடித்தோம் என்பது தெரியும், அதில் யார் கலந்தார் என்பது தெரியாது. கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையிலேயே உட்கார்ந்திருக்கும் ஆவிக்கு மாடி அறையில் நடந்தது எப்படித் தெரியும்? உங்கள் ஆவி எங்கே போகும், எங்கே போகாது, எதைத் தொட முடியும் என்பதை முதல் சில அத்தியாயங்களிலேயே காட்டிவிடுங்கள். கடைசியில் அவசரத்துக்கு அதை மாற்றாதீர்கள். சுவரைத் தாண்டாத ஆவி முப்பதாம் அத்தியாயத்தில் சட்டென்று தாண்டி வந்து கத்தியைத் தட்டிவிட்டால், வாசகர் உங்களை மன்னிக்க மாட்டார்.

சாட்சி பொய்யும் சொல்லலாம். இதை நிறையப் பேர் யோசிப்பதே இல்லை. பழையனூர் நீலி கதை நம்மிடம் இருக்கிறதே! கணவன் கையால் செத்த பெண், அடுத்த பிறவி எடுத்த அவனைத் தேடிப் பேயாக வருகிறாள். கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஊர்ச்சபை முன்னால் அழுது, இவன்தான் என் புருஷன் என்று சாதிக்கிறாள். எழுபது வேளாளர் அந்தக் கண்ணீரை நம்பி, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். அவன் செத்துக் கிடந்ததும், சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். நீலிக்கண்ணீர் என்று இன்றும் சொல்கிறோம். பேயின் வாக்குமூலத்தை விசாரிக்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதை இதைவிட அழுத்தமாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை. உங்கள் ஆவிக்கும் மறைக்க ஒன்று இருக்கட்டும். மகனைக் காப்பாற்ற நினைக்கலாம், பழைய பகையைத் தீர்க்க நினைக்கலாம்.

அடுத்தது, துப்பறிபவருக்கு ஆவி தெரிகிறது என்பதைத் தவிர வேறு எந்தத் திறமையும் இல்லாமல் விடுவது. அந்தத் தம்பியிடம் நான் கேட்டது ஒன்றுதான். "தம்பி, உங்கள் பூக்காரம்மாவுக்குப் பூவைப் பற்றி என்ன தெரியும்?" மாலை கட்டுகிறவருக்கு ஊரில் யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு என்பது எல்லாருக்கும் முன்னால் தெரிந்துவிடும். யார் எப்போது மாலை சொன்னார்கள், எத்தனை வெள்ளி முன்பணம் கொடுத்தார்கள் என்று நோட்டில் எழுதி வைத்திருப்பார். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிப் பேசி ஒரு தடயத்தைக் கண்டுபிடித்தோம். முதலாளியின் ஆவிக்கு மணி நினைவில்லை. கடைசித் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தபோது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் அஸர் பாங்கு, அதாவது பிற்பகல் தொழுகைக்கான அழைப்பு, காதில் விழுந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்படியென்றால் நாலு மணிக்கு மேல். பூக்காரம்மாவின் நோட்டிலோ, மச்சான் சாவு மாலை சொல்லிவிட்டுப் போனது மூன்று மணிக்கு. ஆவி பாதியைச் சொல்கிறது, நோட்டு மீதியைச் சொல்கிறது. இரண்டும் வாசகர் கண்முன்னே தனித்தனியாகக் கிடக்கின்றன. இதை எழுதிக்கொண்டு போகும்போது தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

காலக்கணக்கில் வழுக்குவதும் அதிகம். ஒரு கதையில் 1952இல் இறந்து ஆவியாகிவிட்ட கிராணி (அலுவலகக் குமாஸ்தா), இறந்த அன்று காலை டிராம் ஏறி வேலைக்குப் போனதாகச் சொல்கிறார். ஜார்ஜ்டவுனில் டிராம் 1936லேயே நின்றுபோனது. அவர் ஏறியிருந்தால் டிராலி பஸ்ஸாகத்தான் இருக்கும், அது 1961 வரை ஓடியது. தீவை எதிர்க்கரையோடு இணைக்கும் பாலம் 1985இல்தான் திறந்தது, ஆகவே அந்தக் கிராணிக்குத் தீவை விட்டுப் போக ஃபெர்ரியைத் தவிர வேறு வழி தெரியாது. இதெல்லாம் வெறும் தகவல் இல்லை. எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்குப் பாலம் வழியாகக் காரில் தப்பிய கொலைகாரனுக்காக அவர் படகுத்துறையில் காத்துக்கொண்டு நிற்கிறார் என்றால், சிரிப்பும் வருகிறது, கதையும் சிக்கலாகிறது.

பினாங்கில் எல்லா ஆவியும் ஒன்றல்ல. பொந்தியானாக் என்று பெயர் வைத்துவிட்டு நம் மோகினியை எழுதுகிறார்கள். மலாய்க்காரர் சொல்லும் பொந்தியானாக் பிரசவத்தில் இறந்த பெண். வாழைமரத்தில் இருப்பாள், பிடரியில் ஆணி அடித்தால் சாதாரணப் பெண்ணாகிவிடுவாள் என்பார்கள். மரத்தடியில் சிவப்பு நிறத்தில் இருக்கும் டத்தோ கோங் சிறு கோயிலில் பன்றி இறைச்சி படைத்ததாக ஒருவர் எழுதியிருந்தார். அவரை மலாய் முஸ்லிம் காவல் ஆவியாக நினைத்துத்தான் சீனர்களே கும்பிடுகிறார்கள், அங்கே பன்றி இறைச்சி போகவே போகாது. கதையில் வரும் தமிழ் முஸ்லிம் பாய் செத்தவர் ஆவி அலைகிறது என்று பேசுவதைவிட ஜின் என்று சொல்வதுதான் பொருத்தம். ஆவிகள் வெளியே வரும் என்று சீனர்கள் நம்பும் ஏழாம் மாதம் பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில் வரும், அதைத் தைப்பூசத்தோடு சேர்த்து வைக்க முடியாது. அந்த மாதத்து மேடைக் கச்சேரிகளில் முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விடுவார்கள். நம் கிராணி ஆவி அங்கே போய் உட்காரலாமா, அழைக்காத விருந்தாயிற்றே என்று தயங்குமா? எனக்கு எழுதக் கை துறுதுறுக்கும் காட்சி அது.

பேச்சுமொழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். கடைத்தெரு ஆள் சென்னை சினிமாத் தமிழ் பேசக்கூடாது. "பசியாறியாச்சா?" என்று கேட்கிற ஊர் இது.

வேடிக்கை எங்கிருந்து வர வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஒரு கதையில் சயாம் மரண ரயிலில் செத்தவரின் ஆவியைத் தலை உருண்டு ஓடும் கோமாளியாக்கியிருந்தார்கள். 1942, 43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட நம் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களில் ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் நம் வாசகர்கள். கிராணி ஆவி கடைக்காரரின் கூட்டலில் பிழை கண்டுபிடித்து நச்சரிக்கட்டும், காப்பிக்குச் சொல்லும் விலையைக் கேட்டுத் திகைக்கட்டும், சிரிக்கலாம். அவர் செத்த விதத்தைக் காட்டிச் சிரிக்க வைக்காதீர்கள்.

சட்டத்தையும் ஒரு கண் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு துப்பறிய இங்கே உரிமம் வேண்டும், அதற்கு 1971லிருந்தே சட்டம் இருக்கிறது. ஆகவே பூக்காரம்மா கட்டணம் பேசக்கூடாது, இன்ஸ்பெக்டரும் கோப்பைத் தூக்கி அவரிடம் கொடுக்க மாட்டார். போலீஸ் திடீர் மரணம் என்று முடித்துவைத்த இடத்தில் அவர் தொடங்கினால் இயல்பாக இருக்கும். இன்றைய கதையில் கொலைகாரனுக்குத் தூக்குதான் என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டுவிட்டது, இப்போது தூக்கா, 30 முதல் 40 ஆண்டு சிறையா என்பது நீதிபதி கையில்.

கொலைகாரன் பிடிபட்டதும் ஆவியை ஒளியாக்கி வானத்துக்கு அனுப்பிவிடுவது இன்னொரு அவசரம். செத்தவருக்கு நீதி மட்டும்தானா வேண்டியிருக்கும்? தம்பி திருத்திக் கொண்டுவந்த கடைசி அத்தியாயத்தில் மச்சானைப் போலீஸ் கூட்டிப்போன பிறகும் முதலாளி கடை வாசலிலேயே நிற்கிறார். கொன்றவன் சொல்லி வாங்கிய மாலைதான் தன் மேல் விழுந்தது என்பது அவருக்கு ஆறவில்லை. பதினாறாம் நாள் கருமாதிக்குத் தன் படத்துக்குப் புதிதாக ஒன்று கட்டித் தரச் சொல்கிறார். பூக்காரம்மா சம்பங்கியை எடுத்து வைத்துக்கொண்டு, காசெல்லாம் வேண்டாம் அண்ணே என்கிறார்.

"அதெப்படிம்மா," என்கிறார் முதலாளி. "கணக்கில் எழுதிக்கோ."