நாய்க்கு நகம் வெட்டும்போது விடக்கூடாத பிழைகள்

மட்டக்களப்புப் பக்கம் நாய் வளர்ப்பவர்களில் நிறையப் பேர், "வளவுக்குள்ள ஓடித் திரியிற நாய்தானே, நகம் தானாத் தேஞ்சிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் பிழையே அதுதான். நகம் தேய்வது தார் ரோட்டிலும் சொரசொரப்பான சீமெந்துத் தரையிலும். கல்லடி, நாவற்குடா, களுவாஞ்சிகுடி என்று கரையோரம் முழுக்க நமக்கு இருப்பது மணல். மணலில் கால் புதையும், நகம் பெரிதாகத் தேயாது, அதனால் தினமும் கடற்கரையில் ஓடவிடுகிற நாய்க்கும் நகம் வெட்டத்தான் வேண்டும். வீட்டுக்குள் டைல்ஸில் நடக்கும்போது டக் டக் என்று சத்தம் கேட்கிறதா? நகம் தரையில் முட்டுகிறது. அப்படியே விட்டால் விரல்கள் மேலே தள்ளப்பட்டு நடையே மாறிவிடும், வயசான நாய் என்றால் வழுக்கி விழவும் செய்யும்.

முன்னங்காலின் உள்பக்கம், பாதத்துக்குக் கொஞ்சம் மேலே, கட்டைவிரல் போல ஒரு நகம் இருக்கும். பலர் அதை மறந்தே போகிறார்கள். நிலத்தில் படாத நகம் என்பதால் தேய வழியே இல்லை, வளைந்து வளைந்து வளர்ந்து கடைசியில் சதைக்குள் குத்திவிடும். பொமரேனியன் போல முடி அடர்ந்த நாயென்றால் கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவிப் பாருங்கள். சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் இருக்கும்.

நாம் பாவிக்கும் நகவெட்டியால் வெட்டாதீர்கள். நம் நகம் தட்டை, நாயின் நகம் உருண்டை, நடுவில் நசுங்கிப் பிளந்துவிடும். நாய்க்கென்றே விற்கும் நகவெட்டியை வாங்குங்கள், அதன் பிளேட் மழுங்கினால் அதுவும் நசுக்கத்தான் செய்யும்.

சரி, எல்லாரும் பயப்படுகிற விஷயத்துக்கு வருவோம். நகத்துக்குள்ளே இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அதை வெட்டினால் இரத்தம் வரும், நாய்க்கு நன்றாகவே வலிக்கும், அந்த வலியை அது மறக்காது, அடுத்த முறை நகவெட்டியைக் கண்டதுமே கட்டிலுக்குக் கீழே போய்விடும். வெள்ளை நகத்தில் அந்தப் பகுதி இளஞ்சிவப்பாகத் தெரியும், அதற்கு இரண்டு மில்லிமீற்றர் முன்னாலேயே நிறுத்திவிடலாம். நம் ஊர் நாய்களில் பலதுக்கும் கறுப்பு நகம், வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. அங்கேதான் "இவ்வளவு இருக்கும்" என்று குத்துமதிப்பில் ஒரே வெட்டாக வெட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாமல், நுனியிலிருந்து மெல்லிய சீவலாக வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு வெட்டிய முகத்தை டோர்ச் வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் காய்ந்து வெளிறிப்போய் மாவுபோல இருக்கும். இன்னும் கொஞ்சம் உள்ளே போனதும் நடுவில் வட்டமாக, லேசான ஈரத்தோடு ஒரு கரும்புள்ளி தெரியத் தொடங்கும். அதைக் கண்டதும் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒரு சீவலும் வேண்டாம்.

மாதக்கணக்காக வெட்டாமல் விட்ட நகம் என்றால் உள்ளே இருக்கும் இரத்தக் குழாயும் கூடவே நீண்டிருக்கும். ஒரே நாளில் கட்டையாக்க முடியாது. வாரம் ஒருக்கால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டு வந்தால் அது தானாகப் பின்வாங்கும். பிறகு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெட்டினால் போதும்.

எனக்கு மனசு கேட்காத பிழை ஒன்று உண்டு. மூன்று நான்கு பேர் சேர்ந்து நாயை அமுக்கிப் பிடித்து, காலைப் பக்கவாட்டில் இழுத்து, பதினெட்டு நகத்தையும் ஒரேயடியாக முடிக்கப் பார்ப்பது. ஏன் இந்த அவசரம்? இன்றைக்கு இரண்டு நகம், நாளைக்கு இரண்டு நகம் என்று வெட்டினால் என்ன குறையப் போகிறது? வெட்டாத நாட்களிலும் பாதத்தைத் தொட்டுப் பிடித்துப் பழக்குங்கள், முள் எடுத்த அவித்த மீன் ஒரு துண்டு கொடுங்கள். காலை அது மடங்குகிற பக்கமே மடக்குங்கள். உறுமினால் அன்றைக்கு அத்தோடு விட்டுவிடுங்கள். கடிக்கும் என்று பயந்து வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுகிறார்களே, நம் வெயிலுக்கு அது பெரிய ஆபத்து, ஏனென்றால் நாய் வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. தேவையென்றால் வாய் திறக்க இடமுள்ள கூடை போன்ற வாய்மூடி போடலாம். தூங்க வைக்க நம்முடைய குளிசை எதையும் கொடுக்க வேண்டாம்.

கவனமாக வெட்டியும் இரத்தம் வந்துவிட்டால் பதறாதீர்கள். சுண்ணாம்பு வைக்காதீர்கள், புண்ணாக்கிவிடும். கோன் ஃப்ளவரோ கோதுமை மாவோ நுனியில் வைத்து, சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள், இடையில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. அன்றைக்கு மணலில் விடாதீர்கள். அரை மணித்தியாலமாகியும் நிற்கவில்லை என்றாலும், நகம் ஏற்கெனவே சதைக்குள் ஏறி வீங்கியோ மணத்தோடோ இருந்தாலும் வீட்டில் கை வைக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வலிக்கு பனடோல் கொடுப்பதும் கூடாது, அது நாய்க்கு நஞ்சாகலாம்.

வெட்டும்போது உங்களைக் கடித்துவிட்டால், வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாமல், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாயின் தடுப்பூசி அட்டையையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.