சிகிச்சைக் குதிரையேற்றம் கற்பிக்க வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாற்றுத்திறனாளிகளுக்குக் குதிரையேற்றம் சொல்லித்தர வருகிறவர்களில் சம்பளத்தை நம்பி வருகிறவர் குறைவு. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இந்த மையங்கள் பெரும்பாலும் தன்னார்வலர்களின் தோளில்தான் நிற்கின்றன. செய்கிற வேலைக்கு ஓர் அர்த்தம் இருக்க வேண்டும் என்றுதான் வருகிறார்கள். அதைச் சீக்கிரம் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் புதியவர்கள் திரும்பத் திரும்ப ஒரே பள்ளத்தில் விழுகிறார்கள். ஹெல்மெட் மாட்டுவது, ஏற்றும் முன் சேணத்தைக் குதிரையின் வயிற்றோடு கட்டும் இடைவாரைச் சரிபார்ப்பது எல்லாம் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அவற்றை இங்கே விட்டுவிடலாம்.

அற்புதத்துக்காகக் காத்திருப்பது

பேசாத பிள்ளை குதிரைமேல் உட்கார்ந்ததும் பேசிவிட்டது என்பது போன்ற கதைகள்தான் பலரை இங்கே இழுத்துவருகின்றன. இந்தத் துறையே முன்னோடியாகக் கொண்டாடும் லிஸ் ஹார்ட்டலின் கதை வேறு மாதிரி. டென்மார்க்கைச் சேர்ந்த அவரை 1944-ல் போலியோ தாக்கியது. முழங்காலுக்குக் கீழே செயலிழந்தது செயலிழந்ததுதான். குதிரையில் ஏறவும் இறங்கவும் அவருக்கு ஆள் துணை வேண்டியிருந்தது. ஆனாலும் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஜூபிலி என்ற குதிரையில், குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக்காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டியில் வெள்ளி வாங்கினார்; 1956-ல் மறுபடியும் வெள்ளி. குதிரை அவர் காலைக் குணப்படுத்தவில்லை. அந்தக் காலோடு குதிரையை ஓட்ட அவர் கற்றுக்கொண்டார். பயிற்றுநரின் வேலை அந்தக் கற்றலில்தான் இருக்கிறது.

சவாரி செய்பவரின் வேலையை நாமே செய்துவிடுவது

எரிச்சலூட்டும் தவறு இது. எந்த மையத்திலும் பார்க்கலாம். பெருமூளை வாதம் உள்ள சிறுமியிடம் பயிற்றுநர், “குதிரையை நிறுத்தும்மா” என்கிறார். அவள் தோளை நிமிர்த்தி, விரல்களைப் பிரித்து, கடிவாள வாரைத் தேடுகிறாள். அதற்குள் முன்னால் பிடித்துப்போகிற லீடர் நின்றுவிடுகிறார். அவர் நின்றால் குதிரையும் நிற்கும். “சூப்பர்!” என்று மூன்று பேர் கைதட்டுகிறார்கள். அவள் எதுவும் செய்யவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

இதன் விலை இரண்டு பக்கமும் விழுகிறது. குதிரை லீடரின் உடலை மட்டும் பார்க்கப் பழகி, முதுகில் இருப்பவரின் சைகையைக் காதில் வாங்காமல் போகிறது. பிறகு பிடிகயிற்றைக் கழற்றினால் நின்ற இடத்திலேயே நிற்கும். பிள்ளைக்கோ “நட”, “நில்” இரண்டும் ஒப்புக்குச் சொல்லும் சொல்லாகிவிடும்.

சரியான வரிசை இது. பயிற்றுநர் ஒருவர்தான் பேச வேண்டும். சின்ன வாக்கியம், ஒரே முறை. பிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். யாரும் வாயைத் திறக்கக் கூடாது. பதில் வராவிட்டால் கையால் சைகை. அதுவும் போதாவிட்டால் பக்கத்தில் நடக்கும் சைட்வாக்கர் பிள்ளையின் முழங்கையை லேசாகத் தொடலாம். இவை எல்லாம் முடிந்த பிறகுதான் லீடரின் முறை. பிடிகயிறு வாயிலிருக்கும் கடிவாள இரும்பில் சேராமல், தலையில் மாட்டும் ஹால்ட்டர் என்ற வாரில் இருக்கட்டும். அப்போதுதான் பிள்ளையின் கையும் லீடரின் கையும் ஒரே வாயைப் பிடித்து இழுக்காது. கொக்கியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, கொஞ்சம் தொய்வு விடுங்கள். மிச்சக் கயிற்றை மடித்துப் பிடிக்கலாம், கையில் சுற்றக் கூடாது.

குதிரையை எங்கே திருப்ப வேண்டும் என்று காட்டக் களத்தில் கூம்புகளை வைப்பதிலும் இதே தவறு ஒளிந்திருக்கிறது. குதிரை மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தால் 6 மீட்டரைக் கடக்க 4 விநாடிகூட ஆகாது. சொன்னதை வாங்கிக் கை அசைக்க 8 விநாடி தேவைப்படும் பிள்ளைக்கு 6 மீட்டர் இடைவெளியில் கூம்பு வைத்தால், திருப்புவது எப்போதும் லீடராகத்தான் இருக்கும். 13, 14 மீட்டராவது விடுங்கள். 40 மீட்டர் நீளப் பக்கத்தில் மூன்று கூம்பு போதும். களம் வெறிச்சென்று தெரியும், தெரிந்தால் என்ன?

சைட்வாக்கர் பிள்ளையின் தொடைமேல் முன்கையை வைத்துச் சேணத்தைப் பிடிப்பதற்கும் இதே கணக்குதான். நிலைதடுமாறும் பிள்ளைக்கு அது தேவை. தேவை தீர்ந்த பிறகும் விடாமல் பிடித்தால் பிள்ளை அந்தக் கையில் சாயும், சேணம் ஒரு பக்கம் நகரும், குதிரையின் முதுகு வலிக்கும். தொடையிலிருந்து கணுக்காலுக்கு, பிறகு தொடாமல் கூட நடப்பதற்கு என்று படிப்படியாகக் குறையுங்கள். சைட்வாக்கருக்குக் கை கடுத்தால் குதிரையை நிறுத்தி, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆளை மாற்றுங்கள்.

இலக்கை எழுதாமல் விடுவது

“தன்னம்பிக்கை வளர வேண்டும்” என்று எழுதினால் வளர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. “நடந்துகொண்டிருக்கும் குதிரையை, லீடரின் உதவியில்லாமல், 5-க்கு 3 முறை நிறுத்துவார்” என்று எழுதுங்கள். இப்படி எழுதாத பயிற்றுநர், அன்றைய பாடம் பலித்ததா என்பதைப் பெற்றோரின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். அம்மா கண்கலங்கினால் நல்ல நாள், இல்லாவிட்டால் வீண் நாள். அப்படிப் போனால் ஒரு வருடத்துக்குள் சலித்துவிடும்.

ஹிப்போதெரபி என்று சொல்லிக்கொள்வது

அது குதிரையின் அசைவைப் பயன்படுத்தி, பிசியோதெரபிஸ்ட் போன்ற உரிமம் பெற்றவர் செய்யும் சிகிச்சை. நீங்கள் ஆசிரியர்.

கெஞ்சலுக்கு இணங்குவது

டவுன் சிண்ட்ரோம் உள்ளவரை, கழுத்தெலும்பின் உறுதி பற்றி மருத்துவர் எழுதித் தராமல் ஏற்றக் கூடாது. யார் கெஞ்சினாலும் விதிவிலக்கு இல்லை.

குதிரையை மறப்பது

சவாரி செய்பவரும் சேணமும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்: 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. வயதான குதிரைக்கும் சமநிலை இல்லாத சவாரிக்கும் இன்னும் குறையுங்கள். இடைவாரைக் கட்டும்போது காதை மடக்குவது, ஏற்றுமேடைக்குப் போக மறுப்பது, பிடிகயிற்றைக் கடிப்பது ஆகியவற்றைக் குறும்பு என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். முதுகைத் தடவிப் பாருங்கள், சேணத்தின் அடியில் வியர்வை ஒரே சீராகப் படிந்திருக்கிறதா பாருங்கள். சந்தேகமிருந்தால் அன்றைய பாடத்தைத் தரையிலேயே நடத்துங்கள்: பிள்ளை குதிரைக்குத் துலக்கிவிடட்டும், பிடித்து நடத்தட்டும், தானே நிறுத்தட்டும்.